சீனி வருத்தமும் பாதிப் பங்கும்

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்குடாக் கடற்கரைக்குப் போகும் வீதியில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் குசினியில் நான் சமையல்காரியாக நின்றேன். இன்றைக்கு அந்தக் கடையில் பாதி எனக்குச் சொந்தம். அது எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு, நண்டுக் கறியால் வந்தது என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அது பாதி உண்மை. மீதியைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போனால் போகட்டும், சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு ஊர் பனிச்சங்கேணி. வீட்டுக்காரர் களப்பில் நண்டுக்கும் இறாலுக்கும் வலை போடுகிறவர். தோணிக்கு ஒரு இயந்திரம் வாங்க நான் முதல் கடன் எடுத்தேன். ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து இருத்திக் கொடுப்பார்களே, அந்தக் கடன். அதைக் கட்டி முடிப்பதற்கென்று அதே இடத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்த மாதங்களில் தவணைகள் தவறின. தவறியதும் மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் போகமாட்டார்கள். முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பகல் சமைத்துச் சாப்பிட்டு நாங்கள் கை கழுவும்வரைக்கும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கோப்பை சோறு போடுவதா வேண்டாமா என்று யோசித்த நாட்கள் உண்டு. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், வீட்டுக்கு வந்தவனை வைத்துக்கொண்டு தனியே சாப்பிட எங்களால் முடிவதில்லை. இரண்டு மூன்று தரம் போட்டும் இருக்கிறேன். தின்றுவிட்டுத் திரும்பவும் தவணையைக் கேட்டார்கள்.

கடைசியில் விஷயம் இணக்கசபைக்குப் போனது. வழக்கு வம்பு என்று நீதிமன்றம் ஏறாமல், சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கிற சபை அது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கூடும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இருக்கும் குட்டி வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து, என் கடனைப் பற்றி மூன்று பேர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் ஒரு உடன்பாடு எழுதினார்கள். இனி வட்டி ஏறாது. கடனின் முதல்தொகையை முப்பத்தாறு மாதத் தவணையில், ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதிக்குள் கட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் உடன்பாடு செல்லாது. அதன்பிறகு அவர்கள் வழக்குப் போட்டு என் பெயரில் இருக்கிறதை எடுக்கக் கேட்கலாம். அன்றைக்கு என் பெயரில் இருந்தவை ஒரு தையல் மெசினும் நான்கு கோழியும்தான். தைரியமாகக் கையெழுத்து வைத்தேன்.

முதல் ஏழு தவணையைத் தையலாலும் முட்டையாலும் ஒப்பேற்றினேன், அதற்குப் பிறகுதான் வேலை தேடிக் கல்குடாவுக்குப் போனேன். கடைக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அக்கா என்றே சொல்கிறேன். குவைத்தில் பதினாறு வருடம் வீட்டுக் குசினியில் நின்று சேர்த்த காசு முழுவதையும் அந்தக் கடையில் போட்டிருந்தார். வீடு கூடக் கடைக்குப் பின்னால் ஒரு அறைதான். நல்ல மனுஷி. வாய் மட்டும் கொச்சிக்காய்க் காரம். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"சம்பளம் கூடக் கேட்டாலும் பரவாயில்ல. கடன்காரன் தேடிவாற ஆக்கள் மட்டும் எனக்கு வேணாம் கா. முந்தி நிண்டவளைத் தேடி வந்து வாசல்ல குந்திக்கொண்டு இருந்தானுகள். சாப்பிட வந்த சனமெல்லாம் கிறுகிப் போயிட்டு."

நான் தலையை ஆட்டினேன். என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நான்தான் மாதாமாதம் அவர்களைத் தேடிப் போகிறேன் என்பதை அந்த நேரத்தில் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் மாதம் பத்தாம் திகதி வந்தது. வாழைச்சேனைக்குப் போய்க் கட்டிவிட்டு வர இரண்டு மணித்தியாலம் வேண்டும். லீவு கேட்டேன். எதுக்கு என்றார். கிளினிக் என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நாற்பது வயதைத் தொட்ட யாருக்கும் மாதத்தில் ஒரு கிளினிக் இருக்கும், அதனால் யாரும் துருவமாட்டார்கள் என்பது என் கணக்கு. அக்கா துருவினார். என்ன வருத்தம் என்றார். எனக்கு நேரே தட்டில் சீனிப் பேணி இருந்தது. "சீனி வருத்தம்," என்றேன், நீரிழிவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.

அன்றோடு என் தேத்தண்ணீரில் சீனி நின்றது.

சும்மா நின்றது என்று நினைக்காதீர்கள். நான் ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிறவள். காலையும் பின்னேரமும் அந்தக் கசப்புச் சாயத்தை அக்கா கையால் தர, முகத்தைச் சுழிக்காமல் குடிக்க வேண்டும். கடையில் வட்டிலப்பம் அவித்தால் எல்லோருக்கும் ஒரு துண்டு, எனக்கு மட்டும் ஒரு பரிதாபப் பார்வை. மதியத்துக்குப் பாகற்காய். சீனியைக் குறைக்குமென்று கிழமையில் மூன்று நாள் குறிஞ்சா இலைச் சுண்டல். அந்தக் குறிஞ்சாவை அக்கா வெயிலில் வேலி வேலியாகத் திரிந்து ஆய்ந்துகொண்டு வருவார். வாங்குவது இல்லை, கடையில் விற்கிறது பழசாம். எனக்காகப் புதுசாக ஆய்கிறார். நானோ வாழைச்சேனைக்குத் தவணை கட்டப்போகும் நாட்களில் பஸ் நிலையத்துக் கடையில் ஒரு துண்டு தொதல் இனிப்பைக் கள்ளத்தனமாக வாங்கி, சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு தின்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டபோது வீட்டுக்காரரிடம் என்றேன். குளிசையை ஏன் காணோம் என்றபோது இரவுக்கு மட்டும் என்றேன். பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த மாதம், சனிக்கிழமை போய்க் கட்டிவிட்டு, டொக்டர் நாளை மாற்றிவிட்டார் என்றேன். அக்கா கடைக் கலண்டரில் மாதாமாதம் பத்தைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தார், நான் மறந்துபோவேனாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் கடை எழும்பியது. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பனிச்சங்கேணியில் விடியமுன் முதல் பஸ்ஸில், ஈரச் சாக்கில் உயிர் நண்டைக் கட்டி ஏற்றிக்கொண்டு வருவேன். ஒவ்வொன்றையும் புரட்டி வயிற்றோட்டை அமத்திப் பார்த்துத்தான் எடுப்பேன். அமுங்கினால் உள்ளே சதை இல்லை, தண்ணீர். கால்களை உரலில் இடித்துச் சாறு பிழிந்து அந்தச் சாற்றில் கறியைக் கொதிக்கவிட்டு, இறக்கும் நேரத்தில் முருங்கை இலை போடுவேன். நிலாக் காலத்தில் நண்டு மெலிந்து கிடக்கும். அந்த நாட்களில் நண்டு சமைக்கமாட்டேன் என்று அக்காவோடு சண்டை பிடித்தேன். வாசலில், இன்றைக்கு நண்டு சரியில்லை, அதனால் கறி இல்லை என்று பலகை எழுதி வைக்கச் செய்தேன். வியாபாரத்தைக் கெடுக்க வந்த மூதேவி என்று அக்கா இரண்டு நாள் திட்டினார். பலகையைப் பார்த்துவிட்டுப் போன ஆட்கள் அடுத்த கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். நண்டு விஷயத்தில் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி, சொந்த விஷயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள். என் நிலைமை அதுதான்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர், தங்கள் ஆட்களுக்கு நாளாந்தம் மதியச் சாப்பாடு எங்களிடம் எடுக்க விரும்பினார். ஆனால் பதிவு செய்த வியாபாரத்தோடுதான் ஒப்பந்தம் எழுதுவாராம். அன்று பின்னேரம் சட்டி கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா வந்து நின்றார்.

"கூலிக்கு நிண்டது காணும் புள்ள. ரெண்டு பேர்ர பேரிலயும் பதிவம். பாதி எனக்கு, பாதி உனக்கு. கறி உன்ட, கடை என்ட. புதன்கிழமை போவம், நல்ல நாள்."

கையில் இருந்த சட்டி நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. சந்தோஷத்தில் என்று அக்கா நினைத்தார். சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். கூலி வேலையைத் தவிர வேறொன்றும் என் தலையில் எழுதவில்லை என்று இருந்தவளுக்குப் பாதிக் கடை. ஆனால் அதே நொடியில் அந்த உடன்பாட்டின் வரி மண்டைக்குள் ஓடியது. என் பெயரில் இருக்கிறதை எடுக்கக் கேட்கலாம். இருபத்தைந்து தவணை கட்டியிருந்தேன். இன்னும் பதினொன்று பாக்கி. இடையில் ஒரு சூறாவளி, ஒரு வருத்தம், இரண்டு மாதம் கை தவறிப்போனால்? இவ்வளவு நாளும் போனால் தையல் மெசினும் கோழியும். இனி அக்காவின் குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, பதினாறு வருடத்துக் குவைத் வியர்வை.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், எங்கள் பிணக்கைத் தீர்த்துவைத்த சபையில் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். கடன் கட்டிக்கொண்டிருக்கிறவள் பங்காளி ஆகலாமா? ஆகலாம், ஒரு தடையும் இல்லை என்றார். மறைத்துவிட்டு ஆகாதே, மற்றவருக்குத் தெரிந்தால்தான் அவர் தன் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டு எழுதுவார் என்றும் சொன்னார். வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொன்னார். இன்னும் பதினொரு மாதம்தானே, வாயைப் பொத்திக்கொண்டு கட்டி முடித்துவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. முற்றத்துக் கதிரையை நினைத்துப் பயந்தவர். உண்மையைச் சொன்னால் என் மனதும் அவர் பக்கம்தான் சாய்ந்தது. ஞாயிறு சொல்வோம் என்று இருந்தேன், சொல்லவில்லை. திங்கள் நண்டு நிறைய வந்தது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அக்கா எனக்கு ஒரு புதுச் சேலை வாங்கிவந்து தந்தார், கையெழுத்துப் போடப் போகும்போது உடுக்க. அதன்பிறகு எந்த வாயால் சொல்வது?

புதன்கிழமை பிரதேச செயலகத்தில் வரிசை நீளம். அக்காவுக்குப் பொறுமை என்ற சாமான் இல்லை. முன்னுக்குப் போய், "இவக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடோணும், கொஞ்சம் விடுங்க," என்று பெரிய குரலில் சொன்னார். வரிசையில் நின்ற சனம் ஐயோ பாவம் என்று வழிவிட்டது. கைத்தடி ஊன்றிய ஒரு வயதானவர் கூட ஒதுங்கினார். அந்தப் புதுச் சேலையோடு நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் அமைதியான மனிதர். படிவத்தில் அக்காவின் பெயர், கீழே என் பெயர் எழுதினார். அக்கா சும்மா இருக்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன் சந்தியில் சுகாதாரப் பகுதியினர் மேசை போட்டு இரத்தம் பார்த்தபோது, என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார். இல்லாத வருத்தம் எப்படி இரத்தத்தில் தெரியும்? நல்லாயிருக்கு என்றார்கள். அன்றிலிருந்து அக்கா வீதி முழுக்கத் தன் குறிஞ்சாச் சுண்டலின் புகழைப் பாடிக்கொண்டிருந்தார். இங்கேயும் தொடங்கினார். உத்தியோகத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மையாக் குறைஞ்சதா அம்மா? என்ட அம்மாவுக்கும் சரியான சீனி. ஊசி போடுறம். குறிஞ்சா குடுத்தா ஊசியை நிப்பாட்டலாமா?"

என்னுடைய பொய் அந்த மேசையைத் தாண்டி, முகம் தெரியாத ஒரு தாயின் உயிருக்குப் போய் நின்றது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நிப்பாட்டிராதீங்க சேர்," என்றேன். "எனக்குச் சீனியே இல்ல."

அக்காவின் முகம் பூவாக மலர்ந்தது. "பாத்தீங்களா? முழுசா மாறிட்டு!"

"இல்லக்கா. ஒருநாளும் இருந்ததில்ல."

அக்கா விழித்தார். நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வி வந்தது. "அப்ப மாசாமாசம் எங்க போன நீ?"

சொன்னேன். உத்தியோகத்தருக்கு முன்னால், எனக்கு வழிவிட்ட சனத்துக்கு முன்னால், கடன், சபை, முப்பத்தாறு தவணை, பத்தாம் திகதி, பாக்கி பதினொன்று, எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. படிவத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எழுந்து வெளியே போய் ஓட்டோவில் ஏறினார். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. நானாக ஏறி ஓரத்தில் இருந்தேன்.

கடையில் பகல் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அக்கா சட்டியைத் திட்டினார், பூனையைத் திட்டினார், தேங்காய் கொண்டுவந்தவரைத் திட்டினார். என்னை மட்டும் திட்டவில்லை. இது என் கடைசிச் சமையல் என்று நினைத்துக்கொண்டு சமைத்தேன். கண்ணீரும் கறிக்குள் விழுந்திருக்கும், உப்புக் கூடிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பதினாறு வருஷம் வேற ஆக்கள்ர குசினியில நிண்டு கொண்டுவந்த காசு இது. அதை உன்ட கடன்காரனுக்குக் கை காட்டப் பாத்தியே கா?"

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். செத்துப்போனேன். அவர் சொன்னது உண்மை. உத்தியோகத்தர் தன் தாயைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருப்பேனா? வைத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை அக்காவிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

"கொண்டா அந்தத் தாளை."

உடன்பாட்டுத் தாளும் பற்றுச்சீட்டுகளும் எப்போதும் என் கைப்பையில் ஒரு பொலித்தீன் உறைக்குள் இருக்கும். கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். பிறகு பற்றுச்சீட்டுகளை மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றின் திகதியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு கட்டத்தில் எழுந்து சுவரில் பழைய கலண்டர்களைப் புரட்டி, தான் போட்ட வட்டங்களோடு ஒத்துப் பார்த்தார். என்னவோ தேடுகிறார் என்று தெரிந்தது. தவறிய ஒரு மாதத்தைத் தேடுகிறார்.

"இந்த மாசம் உன்ட மாமியார்ர செத்தவீடு. அண்டைக்கும் போனியா?"

"முதல் நாளே கட்டிட்டன்."

"வெள்ளம் வந்த மாசம்?"

"வள்ளத்தில வந்து பஸ் ஏறின."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். குவைத்தில் இருந்த காலத்தில் சொந்தக்காரர், சிநேகிதர் என்று தான் எத்தனை பேருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்று ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார். அவர்களில் ஒருவர் கூட இரண்டு மாதம் தொடர்ந்து திருப்பித் தந்ததில்லையாம்.

"இருவத்தஞ்சு மாசம் நாள் தப்பாமக் கட்டினவளை விட்டுட்டு, மறுகா நான் எங்க போய்ப் பங்காளி தேடுற?" என்றார். "கடன் இரிக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல. ஒன்றரை வருஷம் என்னை முள்ளு வேலியெல்லாம் ஏத்திக் குறிஞ்சா ஆய வெச்சியே, அதுக்குத்தான் உன்னை உதைக்கோணும்."

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அக்கா எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கி என் முன்னால் வைத்தார். "குடி. இனி அந்த வருத்தம் உண்மையாவே வரட்டும்," என்றார். மன்னித்தேன் என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோப்பை எனக்குப் போதும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அக்கா கோபக்காரிதான், முட்டாள் இல்லை. கடைச் சாமான்கள் எல்லாம் தன் பெயரிலேயே இருக்கும், வியாபாரத்திலும் லாபத்திலும் எனக்குப் பாதி என்று பிரித்து எழுதுவோம் என்றார். எனக்கு அது நூறு மடங்கு நிம்மதி. கடன் கொடுத்த இடத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டே செய்வோம் என்றேன் நான். ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த நாள் இரண்டு பேரும் அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். முகாமையாளர் இளவயதுக்காரர். நான் பங்காளியாகப்போகும் விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இப்போது முதலாளி ஆகிவிட்டீர்கள், அன்றைக்கு விட்டுக்கொடுத்த வட்டியையும் சேர்த்துக் கட்டலாம்தானே என்றார். தவணையையும் கூட்டிவிடலாம் என்றார்.

அக்கா வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையை அமத்தினேன். இந்த மாதிரி ஆட்களுக்கு முன்னால் வருடக்கணக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றவள் நான். என் சொந்த முற்றத்திலேயே நின்றுகொண்டு, அவர்களைக் கதிரையில் இருத்தியவள். அன்றைக்கு முதன்முதலாக அவர் இருக்கச் சொல்லாமலே எதிரில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"சேர், இந்தத் தாளில என்ட கையெழுத்தும் இரிக்கி, உங்கட கந்தோர்க் கையெழுத்தும் இரிக்கி. நான் இருவத்தஞ்சு மாசமா என்ட கையெழுத்தைக் காப்பாத்திட்டு வாறன். நீங்களும் உங்கட கையெழுத்தைக் காப்பாத்துங்க. இல்லாட்டி சனிக்கிழமை சபைக்கு வாங்க, அங்க கதைப்பம்."

குரல் நடுங்கியதா என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். நடுங்கவில்லை, ஆனால் கந்தோர் முழுக்கக் கேட்டது என்றார். பக்கத்து மேசைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தவணை கட்ட வந்து சுவரோரம் வரிசையாக இருந்த பெண்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மெதுவாக, "சொல்லு கா," என்றாள். அந்த இரண்டு சொல் என் முதுகில் ஒரு கையாக வந்து தாங்கியது.

முகாமையாளரின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. தாளை வாங்கிப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். நான் விடவில்லை. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை என்றும், உடன்பாட்டின்படி கட்டும்வரைக்கும் கடைக்கும் இந்தக் கடனுக்கும் தொடர்பில்லை என்றும் எழுதித் தரச் சொன்னேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றேன். கதிரையில் வசதியாகச் சாய்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம்வரை இருந்தோம். கடன்காரர் வந்தால் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா, அவர்களிடம்தானே படித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முடியாமல் அவர் நெளிந்ததைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. கடைசியில் முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, கடிதம் வந்தது.

வெளியே வந்ததும் அக்கா வீதியோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன்றரை வருஷமா இவ்வளவு வாயையும் எங்க கா வெச்சிருந்த நீ?" என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை திரும்பவும் பிரதேச செயலகம். இந்தத் தரம் வரிசையில் நின்றோம், முழு வரிசையும். வெயில் ஏறியது, கால் வலித்தது, ஒருத்தரிடமும் வழி கேட்கவில்லை. அதே உத்தியோகத்தர். தாயாருக்கு ஊசியை நிறுத்தவில்லை என்று முதல் வேலையாகச் சொன்னார். அக்கா நான்காக மடித்த பழைய படிவத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தார். கிழித்து எறியாமல் அவ்வளவு நாளும் வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மடிப்பை நீவிவிட்டு அதிலேயே கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை என்னிடம் நீட்டினார்.

விடுதி ஒப்பந்தம் கிடைத்தது. மற்றப் பதினொரு தவணைகளையும் ஒளிக்காமல், பட்டப்பகலில், கடைக்கு வந்தவர்களிடம் கடன் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டினேன். யாரும் சாப்பிடாமல் எழுந்து போகவில்லை. கடைசித் தவணை கட்டிய நாளில், முடிந்தது என்று எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு களப்புக்குப் போனார். அன்றைக்குக் கொண்டுவந்த நண்டுகளில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை, எங்களுக்கே சமைக்கச் சொன்னார்.

கடன் தீர்ந்த அந்தத் துண்டு எனக்குப் பெரிதுதான். ஆனால் தூக்கம் வராத நாட்களில் நான் நினைத்துக்கொள்வது அதை இல்லை. எல்லாம் கட்டி முடித்து நிமிர்ந்து நிற்கிறவளை யாரும் நம்புவார்கள். பதினொரு தவணை பாக்கியோடும் பிடிபட்ட பொய்யோடும் நின்ற என்னை, என் பற்றுச்சீட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தி நம்பினாள் என்பதால்தான், இன்றைக்கும் எந்தத் தாளில் கையெழுத்து வைத்தாலும் அதைக் காப்பாற்றுகிற தைரியம் எனக்கு இருக்கிறது.